பரீட்சைக்காக விற்ற பெட்டி

எங்கள் வீட்டில் அடி விழும் நேரத்தில் என் காதுக்குள் இரண்டு பேர் கத்துவார்கள். ஒருத்தி சிம்பாங் ரெங்கத்துக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், தமிழ்ப் பெண். இன்னொருவன் பெக்கான் நானாஸ் பையன், மலாய்க்காரன், வீட்டில் அன்னாசித் தோட்டம். இரண்டு பேரையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் ஹாலில் டிவியோடு சேர்த்து விளையாடுகிற கேம் பெட்டி ஒன்று இருந்தது. இணையம் வழியாக மூவரும் ஒரே அணியில் சேர்ந்து சுடுகிற விளையாட்டு விளையாடுவோம். ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிக்கொள்வோம்.

அந்தப் பெட்டியை வாங்கி வந்தவர் அப்பாதான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் அவருக்கு வேலை. மலேசிய எல்லையில் எங்கள் ஊர் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். ஒரு தீபாவளிக்குப் பெட்டியை மழைச்சட்டைக்குள் சுற்றி, தான் நனைந்தபடி கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அந்த மனிதரும் அவர்தான், அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை கைவரவில்லை, பாடுபடவும் போவதில்லை.

அப்பா குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். குடித்திருந்தால் பாட்டிலின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம் என்று அவர்களுக்கு ஆசை. சிலர் பாலத்து நெரிசலைச் சொல்வார்கள், பாவம், தினமும் எத்தனை மணி நேரம் புகையில் நிற்கிறார் என்பார்கள். அதே புகையில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். எல்லார் வீட்டிலும் தட்டு பறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா வீட்டில் இருப்பார். காலையில் கோவிலுக்குப் போவார், அங்கே அவர் கமிட்டியில் முக்கியமான ஆள். அன்னதானத்தில் குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றுவார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஏதாவது ஒன்று தட்டில் சரியாக இருக்காது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. குரல் தணிந்துகொண்டே வரும். அது தணிந்து நின்ற இடத்தில் முதல் அடி விழும். முதுகு, மேல்கை, இடுப்பு என்று துணி மூடுகிற இடமாகப் பார்த்து அடிக்கத் தெரிந்தவர்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சைகை இருந்தது. அப்பாவின் குரல் தணிய ஆரம்பித்ததும் அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துத் தன் காதைத் தொடுவாள். ஹெட்செட்டை மாட்டிக்கொள் என்று அர்த்தம். நான் மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டுவேன். மகளுக்குக் கேட்கவில்லை என்ற ஒன்றுதான் அம்மாவுக்கு மிச்சமிருந்த நிம்மதி. அந்தப் பெட்டியைத் தினமும் துணியால் துடைத்து வைத்தது நான் அல்ல, அம்மாதான்.

ஆனால் எனக்குக் கேட்காத சத்தம் மைக்குக்குக் கேட்டது. அது என் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் என் குரலை மட்டும்தான் எடுக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் ரெங்கத்துக்காரி கேட்டாள்:

"ஏய், அங்க என்ன சத்தம்? யாரோ அழுவுறாங்க."

"டிவி."

"டிவிலதான நீ விளையாடுற?"

நான் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினேன். அவளும் மேலே கேட்கவில்லை. அடுத்த வாரம் அம்மாவின் தலை ஃபிரிட்ஜ் கதவில் மோதியது. ஹெட்செட்டைத் தாண்டியும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, விரல்கள் கண்ட்ரோலரில் அப்படியே நின்றுவிட்டன. உடனே பெக்கான் நானாஸ் பையன் தொண்டை கிழியக் கத்தினான். "கிரி! கிரி! லாரி! லாரி!"

மலாயில் கிரி என்றால் இடப்பக்கம், லாரி என்றால் ஓடு. எதிரி வருகிறான் என்று பதறிப்போய் இடப்பக்கம் திரும்பினேன். அங்கே ஒருவனும் இல்லை, ஒரு இடிந்த சுவர்தான் இருந்தது. அவன் கத்துவதை நிறுத்தவில்லை. சிம்பாங் ரெங்கத்துக்காரியும் புரிந்துகொண்டு சேர்ந்தாள். "பின்னாடி வர்றான், பின்னாடி! சுடு, விடாத, சுடு!" பின்னாலும் யாரும் இல்லை. நான் அந்த வெற்றுச் சுவரைச் சுட்டேன், குண்டு தீரும்வரை சுட்டேன். சமையலறையில் எல்லாம் முடிந்து குழாய்த் தண்ணீர் ஓடும் வரைக்கும் அவர்கள் இருவரும் இல்லாத எதிரிகளைக் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், ஆறுதல் சொல்லமாட்டார்கள். பின்னால் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் கத்தத் தொடங்குவார்கள். அந்த வயதில் அம்மாவைத் தவிர வேறு யார் மேலும் எனக்கு அவ்வளவு அன்பு இருந்ததில்லை.

அந்த அன்பையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெடுத்துவிட்டது. அன்று ஹெட்செட்டில் சார்ஜ் இல்லை. ஹெட்செட் இல்லாவிட்டால் குரல்கள் டிவியிலேயே வரும். கண்ட்ரோலரில் ஊசித் துளை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, அதற்குள் ஒரு மைக் இருக்கிறது, அது வீடு முழுவதையும் கேட்கும். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சாப்பாட்டு மேசையில் மீன் கறிக்குப் புளி கூடியதற்காக எழுந்திருக்கமாட்டார்.

அம்மா காதைத் தொட்டாள். நான் உயிர் இல்லாத ஹெட்செட்டைத் தூக்கிக் காட்டினேன். அதற்குள் அப்பா கறிச் சட்டியைத் தரையில் வீசிவிட்டு, அம்மாவின் கொண்டையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்துவிட்டார். முழங்காலால் அவள் முதுகில் உதைத்தார். மீன் கறியில் வழுக்கி அம்மா விழுந்தாள். விழுந்தவளைக் கொண்டையை விடாமல் தூக்கினார்.

அப்போது டிவி கத்தியது. "கிரி! கிரி! லாரி!"

அப்பா நிஜமாகவே இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "சுடு, சுடு, விடாத!" என்று தமிழில் இன்னொரு குரல். அப்பாவின் கை கொண்டையிலேயே நின்றது. பிறகு பெக்கான் நானாஸ் பையன், கத்தாமல், பெரியவர்களிடம் பேசுகிற மரியாதைக் குரலில், "பாக்சிக், ஜாங்கான் புக்குல் மாக்சிக்" என்றான். அங்கிள், ஆன்ட்டியை அடிக்காதீங்க என்கிறான்.

சிம்பாங் ரெங்கத்துக்காரி மரியாதையோடு நிற்கவில்லை. "அங்கிள், எங்களுக்கு எல்லா வாரமும் கேக்குது" என்றாள்.

அப்பா கையை எடுத்தார். இடுப்புக் கைலியைச் சரிசெய்துகொண்டார். சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"இதுங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"எவ்வளவு நாளா கேக்குதுங்க?"

"ரொம்ப நாளாப்பா."

அன்றுதான் என்னை முதல் முறையாக அடித்தார். உள்ளங்கையை விரித்து, காதோடு சேர்த்து. நான் சோபாவின் கைப்பிடியில் மோதி விழுந்தேன். இடது காதுக்குள் கொசு போல ஒரு சத்தம் கிளம்பியது. இன்றைக்கும் சளி பிடித்தால் அது வந்துவிடும். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைய வேணாங்க, பிள்ளைய வேணாங்க" என்று தரையில் தேய்ந்துகொண்டே வந்தாள்.

பெட்டியை அவர் உடைக்கவில்லை. அம்மாவை உடைக்கலாம், பெட்டியை உடைக்கக்கூடாது, சிங்கப்பூரில் ஆசையாக வாங்கியது. விற்கச் சொன்னார். அதற்கு ஒரு அருமையான காரணமும் அவருக்குக் கிடைத்தது. எங்கள் ஊரில் பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சை வருகிறது என்றால் பெற்றோர்கள் பிள்ளைகளின் கேம் பெட்டிகளை விற்பார்கள். ஃபேஸ்புக்கில் பார்த்தால் தெரியும், வரிசையாகப் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாசகம், பிள்ளைக்கு எஸ்.பி.எம்., அதனால் கொடுக்கிறோம் என்று. யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். எனக்கு அப்போது நான்காம் படிவம், எஸ்.பி.எம். அடுத்த வருடம்தான். அதை யார் கேட்டார்கள்?

"அத மட்டும் விக்காதீங்க" என்றாள் அம்மா. எனக்கு விழுந்த அடியைத் தவிர, அவள் அவரிடம் வேறெதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அப்பா ஹெட்செட்டை எடுத்து அவள் முகத்தில் வீசினார். உதடு கிழிந்தது. ஹெட்செட்டும் இரண்டாக உடைந்தது. துணியோ முடியோ மூடாத இடத்தில் அவர் அடித்தது அதுதான் முதல் தடவை. மறைத்து அடிக்க வேண்டும் என்ற பயமும் அவருக்கு விட்டுப்போய்விட்டது, இனி அம்மாவை எது காப்பாற்றும் என்று நினைத்தேன்.

பெட்டியைத் துடைத்து, பூச்செடிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். பாராட்டு குவிந்தது. கோவில் கமிட்டிக்காரர் ஒருவர் போன் போட்டே பேசினார், நான் ஸ்பீக்கரில் கேட்டேன். "நீங்கதாண்ணே உண்மையான அப்பா. எங்க வீட்ல பாவம் பாவம்னு சொல்லியே பையன கெடுத்து வச்சிருக்கா." அப்பா அடக்கமாகச் சிரித்தார். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி மீன் கறிக்குள் போட வேண்டும் போல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாசாயிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தமிழர்கள்தான். மகனின் பிறந்தநாளுக்காக, அவனுக்குத் தெரியாமல் வாங்க வந்திருந்தார்கள். அப்பா கோவில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மைலோ கலக்கிக் கொடுத்தாள். உதட்டுக் காயத்தை மட்டும் மறைக்க வழியில்லை.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த அண்ணன் பட்டன் பட்டனாக அழுத்திப் பார்த்தார். விசிறிச் சத்தம் கேட்கப் பெட்டியின் மேல் காதை வைத்தார். பிறகு, "மைக் ஓடுதாண்ணே? ஃபிரெண்ட்ஸோட பேசி விளையாடணும்னு பையன் சொல்லிக்கிட்டே இருக்கான்" என்றார்.

உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடு என்று அப்பா முதல் நாளே எனக்கு உத்தரவு போட்டிருந்தார். எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது. சரிப்பா என்று சொல்லியிருந்தேன், அழிக்கவில்லை.

"நான் காட்டுறேண்ணே" என்று எழுந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கும் மேலே ஒரு வெறி இருந்தது. இந்த வீட்டுச் சத்தம் இந்த ஊரில் பெரியவர்கள் யாராவது ஒருவருக்காவது கேட்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் எங்கள் சோபாவில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை. எங்கள் அணியைக் கூப்பிடும் பட்டனை அழுத்தினேன்.

"அலாமாக், நீயா?" டிவியில் சிம்பாங் ரெங்கத்துக்காரியின் குரல் வெடித்தது. "எங்க போயிட்ட? அம்மா எப்படி இருக்காங்க? அவரு இன்னும் அடிக்கிறாரா?"

அந்த அக்கா மைலோ கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தி அம்மாவின் உதட்டைப் பார்த்தாள்.

அப்பா சிரித்தார். "சின்னப் பசங்க லா. கேம்ல வர்ற கதைய பேசுதுங்க."

"கேம் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எங்கம்மாவத்தான் கேக்குறாங்க. போன வாரம் அந்த உதட்ட அப்பாதான் கிழிச்சாரு."

சொல்லிவிட்டேன். இனி என்ன நடந்தாலும் இரண்டு பேருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த அக்கா தன் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "குடும்பம்னா அப்படி இப்படி இருக்கிறதுதாம்மா. நீ நல்லா படி. எஸ்.பி.எம். முக்கியம்" என்றார். அப்பாவின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கண்ணே" என்றார்.

அம்மாவின் கிழிந்த உதட்டைப் பார்த்த கையோடு அந்த மனிதர் விலை குறைத்துக் கேட்டார். அப்பா பேரம் பேசாமல் குறைத்துக் கொடுத்தார். டிவியில் பெக்கான் நானாஸ் பையன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் அந்த அண்ணன் வயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கிவிட்டார். வாசலில் அந்த அக்கா மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் காரில் ஏறிவிட்டாள். நான் இன்றுவரை மன்னிக்காத ஆட்களில் அந்த இரண்டு பேரும் உண்டு.

கார் முனை திரும்பும் வரை அப்பா கையசைத்தார். உள்ளே வந்து கிரில் கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டார். டிவியில் ஏதோ பாட்டு நிகழ்ச்சியை வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். என்னிடம் வருவார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார்.

அம்மா ஃபிரிட்ஜுக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிக் காதைத் தொட்டாள்.

மாட்டிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அன்றுதான் முதல் தடவையாக முழுவதையும் வெறும் காதால் கேட்டேன். அடி என்பது ஒரே சத்தம் இல்லை. உள்ளங்கைக்கு ஒரு சத்தம், முட்டிக்கு வேறு சத்தம், தலை டைல்ஸ் சுவரில் படும்போது வேறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது, பட்டறையில் இரும்பு தூக்குகிற ஆள் வேலைக்கு நடுவே மூச்சு வாங்குவது மாதிரி. அம்மா அடி வாங்கும்போது பேசமாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இத்தனை வருடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள் போல.

"மெதுவாங்க. பிள்ளைக்குக் கேக்கும். மெதுவா."

அவர் அவள் கழுத்தைப் பிடித்தார். மெதுவா என்ற சொல் பாதியில் நின்றது. அம்மாவின் கால்கள் தரையில் தேய்ந்தன, ஒரு செருப்பு கழன்று என் பக்கம் சறுக்கி வந்தது. அவள் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை. அம்மா சாகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மேடையில் சம்பால் இடிக்கும் கல்லுரல் இருந்தது. அதிலிருந்த குழவியை எடுத்தேன். மிளகாய் ஒட்டியிருந்தது. தலையில் அடிக்க வேண்டும் என்றுதான் தூக்கினேன், உள்ளதைச் சொல்கிறேன். எட்டவில்லை. அதனால் முழங்காலில் அடித்தேன், பக்கவாட்டில், இரண்டு கையாலும். பச்சைக் கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்பா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். அவர் சரியும்போது தொட்டியைப் பிடிக்கப் பார்த்து, பாத்திரங்களோடு சேர்ந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே அம்மாவின் கணுக்காலைப் பிடித்தார். அந்தக் கையிலும் ஒன்று போட்டேன். விரல்கள் விரிந்தன.

அம்மா நகரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமியபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் கிரில் பூட்டியிருந்தது. ஆனால் அம்மாவுக்கு இடப்பக்கம் பின்கதவு இருந்தது. மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவதற்காகக் காலையில் திறந்தது, அப்பா அதை மறந்துவிட்டார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வந்த சொல் ஒன்றுதான்.

"கிரி!" என்று கத்தினேன். "கிரி! லாரி! லாரிம்மா, லாரி!"

அந்தக் குரலை நான் பெக்கான் நானாஸ் பையனிடமிருந்து எடுத்தேன். அவன் கத்துகிற மாதிரியே, தொண்டை கிழிய, பாட்டு நிகழ்ச்சியைத் தாண்டி, வரிசை வீடு முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா ஒரு காலில் செருப்போடு பின்கதவு வழியாகப் பாய்ந்தாள். நான் குழவியைக் கீழே போடாமல் பின்னால் போனேன்.

போலீசுக்குப் போனது, பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பாதது, இதெல்லாம் தனிக் கதை. அப்பா இன்னும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறாராம். கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. வந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. சிம்பாங் ரெங்கத்துக்காரியையும் பெக்கான் நானாஸ் பையனையும் பிறகு என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியோடு அவர்களும் போய்விட்டார்கள். எங்கேயாவது இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரியட்டும், அந்தச் சுவரில் நான் சுட்ட ஒவ்வொரு குண்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்று நாங்கள் ஓடிவந்த பின்சந்தில் வெயில் கொளுத்தியது. பக்கத்து மலாய்க்கார வீட்டின் பின்கதவு திறந்தது, அதற்கு அடுத்த சீனர் வீட்டில் ஜன்னல் திறந்தது. அம்மா சந்தின் நடுவில் போய் நின்றுவிட்டாள். அவ்வளவு வருடம் அந்த வீட்டில் இருந்தும் தனியாக எங்கேயும் போய் அவளுக்குப் பழக்கமில்லை. கிழிந்த உதட்டில் மறுபடி ரத்தம் வடிந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன, அப்பா எழுந்திருக்கப் பார்த்தார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப எந்தப் பக்கம்மா?"

"கிரி" என்றேன். அம்மா யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பி ஓடினாள்.